லாபத்துக்குக் கீழே சில வரிகள்

2016-17 நிதியாண்டில் டாடா மோட்டார்ஸ் குழுமம் ஈட்டிய நிகர லாபம் 7,400 கோடி ரூபாய்க்கு மேல். அப்படியானால் பங்குதாரர்களுக்குச் சொந்தமான நிதியும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. 2016 மார்ச் இறுதியில் சுமார் 79,000 கோடியாக இருந்த தொகை, அடுத்த மார்ச்சில் சுமார் 58,000 கோடியாக இறங்கிவிட்டது. அந்த ஆண்டு பெரிய டிவிடெண்ட் எதுவும் கொடுக்கவில்லை. பங்குகளைத் திரும்ப வாங்கவுமில்லை. லாபம் சம்பாதித்த ஒரு கம்பெனியின் சொந்த நிதியில் 20,000 கோடிக்கு மேல் எங்கே போனது?

களவு போகவில்லை, மறைக்கவும் இல்லை. அந்த ஆண்டறிக்கையிலேயே அச்சாகியிருந்தது. நிகர லாபம் என்ற வரியோடு பெரும்பாலானவர்களின் வாசிப்பு முடிந்துவிடுகிறது. கணக்கு அங்கே முடிவதில்லை. அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் ஓடுகின்றன. அந்தப் பகுதிக்குப் பெயர் இதர விரிவான வருமானம். ஆடிட்டர்கள் சுருக்கமாக ஓ.சி.ஐ. என்பார்கள்.

டாடா மோட்டார்ஸ் 2008-ல் வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவர், பிரிட்டனில் இயங்கும் கம்பெனி. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவது என்று பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். பவுண்டின் மதிப்பு சரிந்தது. அந்த நிதியாண்டின் தொடக்கத்தில் ஒரு பவுண்டு ஏறத்தாழ 95 ரூபாய். முடிவில் 81 ரூபாய். ஜாகுவார் தொழிற்சாலைகளில் ஒரு செங்கல்கூட குறையவில்லை. ஆனால் பவுண்டில் எழுதிய அதே சொத்தை மும்பையில் ரூபாயாக மாற்றி எழுதும்போது ஆயிரக்கணக்கான கோடிகள் குறைந்தன. போதாததற்கு, ஜாகுவார் தன் கார்களை உலகெங்கும் விற்பதால், வருங்காலத்தில் வரப்போகும் அயல்நாட்டுப் பணத்தை இன்ன விலைக்குப் பவுண்டாக மாற்றுவோம் என்று முன்கூட்டியே ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. பவுண்டு விழுந்ததும் அந்தப் பழைய விலைகள் நட்டமாகின. பிரிட்டனில் வட்டி விகிதம் இறங்கியதால் ஊழியர்களின் ஓய்வூதியப் பொறுப்பும் ஏட்டில் பெருத்தது. மூன்றும் சேர்ந்து வந்த அடி அது. மூன்றில் பெரும்பகுதி லாப நட்டக் கணக்கைத் தொடாமல், அதற்குக் கீழே ஓ.சி.ஐ. வழியாக நேரே சொந்த நிதியைக் கரைத்தது.

ஓ.சி.ஐ. என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் கிடைப்பது அரிது.

இதன் பின்னாலுள்ள யோசனை எளிது. தாம்பரத்தில் ஒருவர் மனை வாங்கிப் போட்டிருக்கிறார். இந்த ஆண்டு அதன் விலை பத்து லட்சம் ஏறியது. அவர் வசதி கூடியது உண்மை. ஆனால் 'உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால் சம்பளத்தைத்தான் சொல்வார். மனை ஏறிய பத்து லட்சத்தைச் சேர்க்கமாட்டார். அடுத்த ஆண்டு விலை இறங்கினாலும் சம்பளம் குறைந்ததாகச் சொல்லமாட்டார். கம்பெனிகளின் கணக்கிலும் இதே சிக்கல்தான். சொத்துகளையும் கடன்களையும் இன்றைய மதிப்பில் காட்ட வேண்டும் என்று கணக்கியல் விதிகள் மெல்ல மெல்ல நகர்ந்து வந்தன. மதிப்பு மாறினால் அந்த வித்தியாசம் எங்கேயாவது போய் உட்கார்ந்தாக வேண்டும். லாபத்தில் சேர்த்தால் லாபம் காலாண்டுக்குக் காலாண்டு துள்ளும். சேர்க்காமல் விட்டால் சொந்த நிதி காரணம் சொல்லாமல் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவே கட்டிய திண்ணைதான் ஓ.சி.ஐ.

இந்தியாவில் இந்த வரிகள் பரவலாக வந்தது 2016 ஏப்ரல் 1-லிருந்து. சர்வதேச விதிகளை ஒட்டிய இந்திய கணக்கியல் தரநிலைகள், 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கு அன்று கட்டாயமாகின. மற்ற பட்டியலிட்ட கம்பெனிகளும் 250 கோடிக்கு மேற்பட்ட பட்டியலிடாதவையும் அடுத்த ஆண்டு சேர்ந்தன. அதிலிருந்து லாப நட்டக் கணக்கின் அடியில் இரண்டு கட்டங்கள் தவறாமல் இருக்கின்றன. பின்னர் ஒருநாள் லாபத்துக்கு மாற்றப்படக்கூடியவை ஒரு கட்டம்; எக்காலத்திலும் மாற்றப்படாதவை இன்னொரு கட்டம். இவற்றை நிகர லாபத்தோடு கூட்டினால் வருவது மொத்த விரிவான வருமானம். ஒரு பங்குக்கு இவ்வளவு சம்பாத்தியம் என்று விளம்பரங்களில் வருகிறதே, அது நிகர லாபத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. ஓ.சி.ஐ.-க்கு அதில் இடமில்லை.

முதல் கட்டத்தில் வருபவற்றில் விறுவிறுப்பானது ஹெட்ஜிங், அதாவது விலை மாற்றத்துக்கு முன்காப்பாகப் போடும் ஒப்பந்தங்களின் கணக்கு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ், விமான எரிபொருள் விலை ஏறினால் அடிபடாமல் இருக்கப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைப்பதில் அந்நாளில் பேர்போன நிறுவனம். 2007 இறுதியில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது. அப்போது அதன் ஐந்தொகையில் திரண்டிருந்த ஓ.சி.ஐ. 124 கோடி டாலர் ஆதாயம். 2008 ஜூலையில் எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் அதே வரியில் 98 கோடி டாலர் நட்டம் நின்றது. ஒரே ஆண்டில் 220 கோடி டாலருக்கு மேல் தலைகீழ் மாற்றம். ஆனால் நிறுவனம் அறிவித்த நிகர லாபம் 17.8 கோடி டாலர். இந்த ஒப்பந்தங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வாங்கப்போகும் எரிபொருளுக்கானவை. அந்த எரிபொருளை வாங்கி எரிக்கும் ஆண்டில்தான் ஆதாயமோ நட்டமோ லாபக் கணக்குக்குள் வரும். அதுவரை ஓ.சி.ஐ.-யில் காத்திருக்கும். டாலரில் சம்பாதிக்கும் இந்திய ஐ.டி. நிறுவனங்கள் பலவும் ரூபாய்-டாலர் ஒப்பந்தங்களை இதே முறையில் வைத்திருக்கின்றன. இந்த ஏற்பாட்டில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செலவும் அதற்கான காப்பும் ஒரே ஆண்டில் சேர்ந்து தெரிவது நியாயம்தான்.

இரண்டாவது கட்டம் அவ்வளவு சாதுவானதல்ல.

கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் கணக்குப்படி, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். இருபது ஆண்டு கழித்து ஓய்வு பெறப்போகிறவருக்குத் தரவேண்டியதை இன்றே கணக்கில் எழுத வேண்டும். எவ்வளவு என்று மதிப்பிடுபவர் ஆக்சுவரி. சம்பளம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும், எத்தனை பேர் நடுவில் வேலையை விட்டுப் போவார்கள், இன்றைய மதிப்பைக் கண்டுபிடிக்க எந்த வட்டியை வைப்பது என்றெல்லாம் அவர் அனுமானங்கள் போடுவார். வட்டிக்கு அளவுகோல் பொதுவாக அரசுக் கடன் பத்திரத்தின் வருவாய் விகிதம். அது அரை சதவீதம் இறங்கினாலே, ஒரு ஊழியர்கூட புதிதாகச் சேராமல், கம்பெனியின் கிராஜுவிட்டி பொறுப்பு கூடிவிடும். பழைய இந்திய விதியில் இந்த ஏற்ற இறக்கம் நேரே லாப நட்டக் கணக்குக்குப் போனது. புதிய விதியில் ஓ.சி.ஐ.-க்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி வருவதே இல்லை.

இதில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனிக்க வேண்டும். சம்பளம் மெதுவாகத்தான் உயரும் என்று அனுமானித்தால் ஆண்டுதோறும் லாபத்திலிருந்து கழிக்கும் கிராஜுவிட்டி செலவு குறைவாக இருக்கும். பிறகு நிஜத்தில் சம்பளம் வேகமாக உயர்ந்தால் அந்த வித்தியாசம் ஓ.சி.ஐ.-யில் விழும். ஆக, ஊழியருக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு எந்த ஆண்டின் லாபத்தையும் தொடாமலே போய்விடலாம். ஒரு கம்பெனியில் ஆண்டு தவறாமல் இந்த வரியில் நட்டமே வந்துகொண்டிருந்தால், அனுமானங்கள் இனிப்பாகப் போடப்பட்டிருக்கின்றனவா என்று சந்தேகப்படுவதில் தவறில்லை.

பங்கு முதலீட்டிலும் திரும்பிவராத பாதை ஒன்று உண்டு. வாங்கி விற்று லாபம் பார்க்கும் நோக்கமில்லாமல் வைத்திருக்கும் பங்குகளின் விலை மாற்றத்தை ஓ.சி.ஐ.-யில் காட்டுவதாகக் கம்பெனி தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அந்தப் பங்கை விற்று, காசு கைக்கு வந்த பிறகும், விலை உயர்வால் கிடைத்த ஆதாயம் லாபக் கணக்கில் ஏறாது. டாடா இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் மாதிரியான முதலீட்டு நிறுவனங்களின் கணக்கைப் படிக்கும்போது இதை மறந்துவிட்டால் குழப்பம்தான். அதன் நிகர லாபம் என்பது பெரும்பாலும் டிவிடெண்டும் வட்டியும். பங்குகளால் அது சேர்க்கும் செல்வத்தின் பெரும்பகுதி லாப வரிக்குக் கீழேதான் இருக்கிறது.

கீழே போகும் இந்த வரிகளுக்கு ஏன் தனி அறிக்கை தேவைப்பட்டது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1980-களில் லண்டன் பங்குச் சந்தையின் செல்லப்பிள்ளையாக இருந்தது பாலி பெக் இன்டர்நேஷனல். சைப்ரஸில் பிறந்த ஆசில் நாதிர் அதன் தலைவர். பழம், அட்டைப்பெட்டி, மின்னணுச் சாதனம் என்று வளர்ந்து, 1989-ல் டெல் மான்டே நிறுவனத்தின் பழ வியாபாரத்தை 87.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ஆண்டு அது அறிவித்த வரிக்கு முந்தைய லாபம் 16 கோடி பவுண்டுக்கு மேல்.

அதன் பணத்தில் ஒரு பகுதி துருக்கி லிராவில் கிடந்தது. அப்போது துருக்கியில் பணவீக்கம் தலைவிரித்தாடியது. வங்கி வட்டியும் அதற்கேற்ப மிக அதிகம். கூடவே லிராவின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டிருந்தது. உயர்ந்த வட்டி என்பதே கரையும் அசலுக்கான ஈடுதான். பாலி பெக் என்ன செய்தது? வட்டியை லாபத்தில் சேர்த்தது. அசல் கரைந்த நட்டத்தைக் கோடிக்கணக்கான பவுண்டாக நேரே சொந்த நிதியின் ஒரு பகுதியான காப்பு நிதியில் கழித்தது. அன்றைய பிரிட்டிஷ் விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. நட்டம் கணக்கில் இருந்தது. ஆனால் ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில், அவசரமாகப் படிப்பவர் கண்ணில் படாத இடத்தில். 1990 அக்டோபரில் பாலி பெக் கவிழ்ந்தது. நாதிர் 1993-ல் வடக்கு சைப்ரஸுக்குத் தப்பியோடினார். 2010-ல் திரும்பி வந்தார். 2012-ல் நிறுவனப் பணத்தைத் திருடியதாகப் பத்துக் குற்றச்சாட்டுகளில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். லிரா கணக்கு அந்தத் திருட்டு வழக்கின் பகுதியல்ல. அது விதிப்படி எழுதிய கணக்கு. அதுதான் உறுத்தல்.

1992-ல் பிரிட்டனின் கணக்கியல் வாரியம் ஒரு புதிய விதி கொண்டுவந்தது. லாபம், காப்பு நிதிக்கு நேரே போன ஆதாய நட்டம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் தனி அறிக்கை ஒன்றைக் கம்பெனிகள் முன்பக்கத்திலேயே தர வேண்டும். ஓ.சி.ஐ.-யின் முன்னோடி என்று அதைச் சொல்லலாம். அமெரிக்கா 1997-ல் இதே வழிக்கு வந்தது; ஆனால் எங்கே காட்டுவது என்பதைக் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டது. விருப்பம் கொடுத்தால் என்ன நடக்கும்? பெரும்பாலான கம்பெனிகள் யாரும் படிக்காத சொந்த நிதி மாற்ற அறிக்கைக்குள் அதைத் திணித்தன. அந்த வாசலை அடைக்க 2011 வரை ஆனது. சர்வதேச விதிகளில் 2007-ல் திருத்தம் வந்து 2009 முதல் அமலானது.

இவ்வளவு பாடுபட்டு முன்பக்கத்துக்குக் கொண்டுவந்த வரியை உலகம் படித்ததா? 2023 மார்ச் இதற்குப் பதில் சொன்னது.

கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கியில் டெபாசிட் போட்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தொழில்நுட்ப ஸ்டார்ட்-அப் நிறுவனங்கள். 2020, 2021-ல் அவற்றுக்கு முதலீடு கொட்டியது. அந்தப் பணம் வங்கியில் குவிந்தது. வங்கி அதை நீண்டகாலக் கடன் பத்திரங்களில் போட்டது. அமெரிக்க அரசு பின்நிற்கும் பத்திரங்கள். அசல் வராமல் போகும் பயம் கிடையாது. ஆனால் வட்டி மிகக் குறைவாக இருந்த காலத்தில் வாங்கியவை. 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. ஏறத்தாழ பூஜ்யத்தில் இருந்தது ஓராண்டுக்குள் நாலரை சதவீதத்தைத் தாண்டியது.

வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை ஏன் விழுகிறது? 6 சதவீத வட்டி தரும் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் ஒன்று, முதிர்ச்சிக்கு இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது. சந்தையில் புதிய பத்திரங்கள் 8 சதவீதம் தருகின்றன. பழையதை யாராவது ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குவார்களா? சுமார் 866 ரூபாய்க்குத்தான் போகும். பத்து ஆண்டு காத்திருந்தால் முழு ஆயிரமும் வரும். காத்திருக்க முடிகிறவருக்கு நட்டமில்லை. அவசரத்துக்கு விற்கிறவருக்கு 134 ரூபாய் போச்சு.

சிலிக்கான் வேலி வங்கி தன் பத்திரங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. முதிர்ச்சி வரை விற்கமாட்டோம் என்று அறிவித்தவை 9,100 கோடி டாலருக்கு மேல். அவற்றின் சந்தை மதிப்பு 2022 இறுதியில் சுமார் 1,500 கோடி டாலர் குறைந்திருந்தது. விதிப்படி இந்த நட்டம் லாபத்திலும் வராது, ஓ.சி.ஐ.-யிலும் வராது; ஆண்டறிக்கைக் குறிப்பில் மட்டும் வரும். வங்கியின் மொத்தச் சொந்த நிதியே சுமார் 1,600 கோடி டாலர்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் விற்போம் என்று வைத்திருந்தவை இன்னொரு தொகுதி, சுமார் 2,600 கோடி டாலர். இதில் 250 கோடி டாலர் நட்டம். வரிச் சலுகை கழித்து இந்த நட்டம் ஓ.சி.ஐ.-யில் ஏறியது.

ஆக 2022-க்கு வங்கி காட்டிய நிகர லாபம் சுமார் 167 கோடி டாலர். அதன் கீழே ஓ.சி.ஐ. நட்டம் சுமார் 190 கோடி டாலர். கூட்டிக் கழித்தால் மொத்த விரிவான வருமானம் பூஜ்யத்துக்குக் கீழே. வங்கியின் குறிப்புகளைத் துருவ வேண்டாம். லாபத்துக்கு அடுத்து சில வரி இறங்கியிருந்தாலே ஒரு சிவப்பு எண் தெரிந்திருக்கும்.

மேற்பார்வையாளர்கள் கண்ணில் அது ஏன் உறுத்தவில்லை என்று கேட்டால், அதற்கும் ஒரு விதி இருந்தது. ஒரு வங்கிக்குப் போதுமான மூலதனம் இருக்கிறதா என்று அளக்கும்போது ஓ.சி.ஐ. நட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விடலாம் என்ற சலுகை அமெரிக்காவில் 2013 விதிகளிலேயே பெரும்பாலான வங்கிகளுக்கு இருந்தது. 2019-ல் அது இன்னும் பெரிய வங்கிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆகப் பெரிய சில வங்கிகளுக்கு மட்டுமே விலக்கில்லை. 20,900 கோடி டாலர் சொத்துள்ள சிலிக்கான் வேலி வங்கி அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டது. கண்காணிப்பாளர் பார்த்த ஏட்டில் அது வலுவான மூலதனமுள்ள வங்கி.

2023 மார்ச் 6 அன்று அமெரிக்க டெபாசிட் காப்பீட்டு அமைப்பின் தலைவர் மார்ட்டின் க்ரூன்பெர்க் ஒரு கூட்டத்தில் பேசினார். அமெரிக்க வங்கிகளின் பத்திரங்களில் விற்காமல் கிடக்கும் நட்டம் 2022 இறுதியில் சுமார் 62,000 கோடி டாலர் என்றார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 8-ல், ஸ்டார்ட்-அப்கள் டெபாசிட்டை எடுத்துக்கொண்டே இருந்ததால் பணம் புரட்ட வேண்டிய நிலையில், சிலிக்கான் வேலி வங்கி தன் இரண்டாவது தொகுதியிலிருந்து 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்றுவிட்டதாக அறிவித்தது. வரி போக 180 கோடி டாலர் நட்டம். கவனிக்க வேண்டியது இது: அந்த நட்டத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே ஓ.சி.ஐ. வழியாகச் சொந்த நிதியில் கழிந்துவிட்ட பழைய நட்டம். ஐந்தொகையில் புதிதாகப் பெரிய ஓட்டை விழவில்லை. கீழே கிடந்த எண் மேலே லாபக் கணக்குக்கு ஏறியது, அவ்வளவுதான். ஆனால் அதுவரை படிக்காதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் படித்தார்கள். இதையே விற்க வேண்டி வந்ததென்றால் அடுத்தது அந்த 9,100 கோடிதானே என்ற பயம் வாட்ஸாப்பிலும் ட்விட்டரிலும் ஓடியது. மார்ச் 9-ல் டெபாசிட்டர்கள் வெளியே எடுத்தது 4,200 கோடி டாலர். மார்ச் 10 காலையில் வங்கி மூடப்பட்டது.

இந்தக் கதையைக் கேட்டதும் 'மதிப்பு மாற்றம் அனைத்தையும் லாபத்திலேயே காட்டச் சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்று தோன்றும். அதையும் ஒருவர் தலையில் கட்டிப் பார்த்தாகிவிட்டது. அவர் வாரன் பஃபெட்.

அமெரிக்காவில் 2018 முதல், கம்பெனி வைத்திருக்கும் பங்குகளின் விலை மாற்றம் நேரே லாபத்துக்குப் போக வேண்டும் என்று விதி மாறியது. அதுவரை பெரும்பாலும் ஓ.சி.ஐ.-யில்தான் இருந்தது. பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வேயிடம் பல்லாயிரம் கோடி டாலர் பெறுமான பங்குகள் இருந்தன. இனி எங்கள் காலாண்டு லாபம் கண்டபடி ஆடும், அதை வைத்து எங்கள் தொழிலை எடைபோட முடியாது என்று பங்குதாரர்களுக்கு அவர் முன்கூட்டியே எழுதினார். எழுதிய சூட்டோடு 2018 முதல் காலாண்டில் பெர்க்‌ஷயர் 113.8 கோடி டாலர் நிகர நட்டம் காட்டியது. அதே மூன்று மாதத்தில் அதன் காப்பீடு, ரயில், மின்சாரத் தொழில்கள் சேர்ந்து ஈட்டியது 528.8 கோடி டாலர். பிறகும் இதேதான். 2018 முழு ஆண்டு லாபம் 402 கோடி. 2019-ல் 8,140 கோடி. 2022-ல் 2,280 கோடி டாலர் நட்டம். பெர்க்‌ஷயரின் தொழில்கள் இந்த ஆண்டுகளில் இருபது மடங்கு வளரவுமில்லை, குப்புற விழவுமில்லை. நட்டம் காட்டிய 2022-லும் தொழில் வழி வருவாய் 3,000 கோடி டாலரைத் தாண்டியது.

பஃபெட் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் நிலைமை வேறு. நாளைக்கே வந்து பணத்தைக் கேட்கும் டெபாசிட்டர்கள் பெர்க்‌ஷயருக்கு இல்லை. விலை இறங்கிய பங்கை விற்கச் சொல்லி அவரை யாரும் நெருக்க முடியாது. விற்காத நட்டம் வெறும் காகித நட்டமா, வரப்போகிற நட்டமா என்பதை அந்தச் சொத்து தீர்மானிப்பதில்லை. அதன் எதிர்ப்பக்கம் யார் பணம் இருக்கிறது, அவர் எவ்வளவு நாள் பொறுப்பார் என்பதே தீர்மானிக்கிறது. ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தை மட்டும் பார்த்து ஓ.சி.ஐ. நட்டத்தைப் புறக்கணிக்கலாம் என்று எவரும் முடிவு செய்யக்கூடாது.

விதி வகுப்பவர்களுக்கே இதில் தெளிவு இல்லை என்று சொன்னால் மிகையல்ல. எது லாபம், எது ஓ.சி.ஐ. என்று பிரிக்க ஒரு தத்துவ அடிப்படை வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். சர்வதேச கணக்கியல் வாரியம் 2018-ல் வெளியிட்ட தன் அடிப்படைக் கொள்கை ஆவணத்தில் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: வருமானமும் செலவும் லாப நட்டக் கணக்கில்தான் வர வேண்டும், விதிவிலக்கான நேரங்களில் சிலவற்றை ஓ.சி.ஐ.-யில் வைப்போம், அப்படி வைப்பதைப் பொதுவாகப் பிறகு லாபத்துக்குக் கொண்டுவருவோம். எந்த நேரம் விதிவிலக்கு என்பதை ஒவ்வொரு விதியை எழுதும்போதும் வாரியமே முடிவு செய்யும். கிராஜுவிட்டி திரும்பி வராது, ஹெட்ஜிங் திரும்பி வரும், கடன் பத்திரம் திரும்பி வரும், பங்கு திரும்பி வராது என்ற இன்றைய நிலைக்கு ஒரே சீரான தர்க்கம் தேடினால் கிடைக்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துச் சமரசம்.

இந்தியச் சட்டம் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, கைக்கு வராத ஆதாயத்திலிருந்து டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்கிறது. சந்தை மதிப்பில் எழுதியதால் ஏட்டில் கூடிய தொகையையும் அது விலக்குகிறது. ஆகவே ஓ.சி.ஐ.-யில் ஆயிரம் கோடி ஆதாயம் வந்திருக்கிறது என்று ஒரு பங்குத் தரகர் சொன்னால், அதில் ஒரு பைசாவையும் இந்த ஆண்டு டிவிடெண்டாக எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நம் ஊர் வங்கிகளின் நிலை? இந்திய வங்கிகள் இன்னும் புதிய கணக்கியல் தரநிலைகளுக்கு மாறவில்லை. 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதைக் காலவரையின்றித் தள்ளிவைத்தது. ஆனால் வங்கிகளின் முதலீடுகளுக்கு மட்டும் தனியாக 2023 செப்டம்பர் 12-ல் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் அமல்படுத்தியது. அதற்கு முன்பு, விற்கத் தயாராக வைத்திருக்கும் பத்திரங்களின் விலை விழுந்தால் அந்த நட்டத்தை வங்கி லாபத்தில் கழிக்க வேண்டும். விலை ஏறினால் நிகர ஆதாயத்தைச் சேர்க்கக்கூடாது. கஞ்சத்தனமான விதி; ஆனால் பாதுகாப்பானது. இப்போது ஏற்றமும் இறக்கமும் லாபத்தைத் தொடாமல் ஒரு தனிக் காப்பு நிதியில் போய்ச் சேர்கின்றன. பெயர்தான் வேறு, வேலை ஓ.சி.ஐ. செய்யும் அதே வேலை. ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. அந்தக் காப்பு நிதி, நட்டமாக இருந்தாலும், வங்கியின் மூலதனக் கணக்கில் சேரும். சிலிக்கான் வேலி வங்கிக்குக் கிடைத்த விலக்கு இங்கே கிடையாது. அந்த வங்கி மூழ்கி ஆறு மாதத்தில் வந்த விதி இது. தயாரிப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தாலும், இந்த இடத்தில் மும்பை வாஷிங்டனைவிட நிதானமாக யோசித்திருக்கிறது.

குறை ஒன்று மீதமிருக்கிறது. உற்பத்திக் கம்பெனியோ ஐ.டி. கம்பெனியோ காலாண்டு முடிவு வெளியிடும்போது மொத்த விரிவான வருமானம் என்ற வரி அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. விரல் வைத்துத் தேடிப் பிடிக்கலாம். வங்கிகளின் காலாண்டு அட்டவணையில் அப்படியொரு வரி இல்லை. பத்திரங்களின் விலை மாற்றத்தால் ஓராண்டில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துகொள்ள, ஆண்டறிக்கை வரும்வரை காத்திருந்து, அதன் இரண்டாம் அட்டவணையில் காப்பு நிதிகளின் நீண்ட பட்டியலுக்குள் தேட வேண்டும்.